கள்ளிமேட்டு கேட்டும் செங்கோடன் காதும்

சோமனூருக்குக் கிழக்கே கள்ளிமேட்டு ரயில்வே கேட்டில் நின்று நின்றே நாச்சியம்மாளுக்குத் தலை நரைத்துவிட்டது என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கல்யாணமாகி முப்பத்தொரு வருசம் ஆகிறது. வீடு தண்டவாளத்துக்கு வடக்கே, விசைத்தறி ஓடுகிற குடோன் தெற்கே. எந்தப் புண்ணியவான் வீட்டை ஒரு பக்கமும் குடோனை இன்னொரு பக்கமும் கட்டினான் என்று வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. கட்டியது அவளுடைய மாமனார். அவர் காலத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வண்டி போகுமாம். இப்போது இரண்டு லைனிலும் ஒன்று மாற்றி ஒன்று போகிறது. கேட் திறந்திருக்கிற நேரத்தைவிடச் சாத்தியிருக்கிற நேரம்தான் அதிகம். மேம்பாலம் வருகிறது என்று ஒரு தடவை வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லில் ஆடுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன.

ஆனி மாதத்துக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து புறப்பட்டு வந்து மண்ணை வாரி முகத்தில் அடித்தது. நாச்சியம்மாள் இடுப்பில் தார்க் கூடை, கையில் தூக்குப்போசி. தார் என்பது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் கட்டை. வீட்டில் மிஷின் போட்டு அவள்தான் நூல் சுற்றிக் குடோனுக்குக் கொண்டுபோவாள். தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே ஒரு கரண்டி நெய். ஆறினால் அது களிமண் மாதிரி இறுகிவிடும். புருசன் செங்கோடனுக்கு ஆறின சோறு ஆகவே ஆகாது. ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளிப்பார். ஆறாமல் எப்படிக் கொண்டுபோவதாம்? கேட் சாத்தி கால் மணி நேரம் ஆயிற்று.

"ஏங்கண்ணு, ஒரு வண்டி போயிருச்சல்ல. இன்னும் எதுக்குச் சாத்தியே வெச்சிருக்கறீங்க?"

"இன்னொண்ணு வருதுங்கக்கா. நான் நம்பரு சொல்லிப்போட்டேன். இனி ஆண்டவரே வந்து கேட்டாலும் தொறக்க முடியாதுங்க" என்றாள் கேட்கீப்பர் ஜெனிதா.

ஜெனிதா இந்தக் கேட்டுக்கு வந்து மூன்று வருசம். தண்டவாள வேலை பார்த்த அப்பா இறந்ததால் கிடைத்த வேலை. கோயம்புத்தூரில் சர்ச்சுக்குப் பின்வீதியில் வளர்ந்த பெண், கழுத்தில் சின்னச் சிலுவையும் விசிலும் ஒன்றாகத் தொங்கும். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் கேட்டைச் சாத்திப் பூட்டி, பூட்டியாயிற்று என்பதற்கு ஒரு நம்பர் சொல்ல வேண்டும். அது போனால்தான் வண்டியை விடுவார்கள். சொன்ன பிறகு திறந்தால் இவள் வேலை போகும், அதற்கு முந்தி யாருடைய உயிராவது போகும். இதை அவள் எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! ஒருத்தன் காதில் ஏறினால்தானே.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் பைக்கைச் சாய்த்துக் கேட் கட்டைக்குக் கீழே நுழைத்துக்கொண்டு போனான். அவன் பின்னால் ஒருத்தர் சைக்கிளோடு. இந்த ஊர்க்காரர்களுக்கு மரியாதையில் ஒரு குறைச்சலும் கிடையாது. குனிந்து போகும்போதுகூட, "வாரேனுங் அம்மணி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஜெனிதா விசிலை வாயில் வைத்து ஊதினாள். ஊதின சத்தத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று.

"அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. காலைல செங்கோடண்ணன் மறுக்காவும் இப்பிடித்தானுங்க மொபெட்டச் சாச்சு நுழைச்சாரு. நான் விசிலடிக்கறேன், கத்தறேன், செவப்புக் கொடியத் தூக்கிட்டு ஓடறேன். திரும்பிப் பார்த்தாத்தானுங்க? அக்கட்டால போய்ச் சேந்துபோட்டு, என்னையப் பார்த்துச் சிரிச்சு, 'சாப்டீங்களா அம்மணி'ங்கறாரு. எனக்கு அழுகறதா சிரிக்கறதான்னு தெரியலீங்க."

"நானென்ன பண்ணட்டும் கண்ணு? கயித்தக் கட்டியா இழுத்துட்டு வாரது?"

"காதுக்கு மிஷின் வாங்குனீங்கல்லக்கா?"

"வாங்குனோம். சட்டப் பையில போட்டுட்டுத் திரியறாரு. அந்தப் பைக்கு நெம்ப நல்லாக் கேக்குது."

ஜெனிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாச்சியம்மாளுக்கு வரவில்லை.

குடோனுக்குள் நுழைந்தால் தரையே நடுங்கும். எட்டுத் தறியும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் வாயைப் பார்க்கலாம், பேச்சைக் கேட்க முடியாது. அதனால் குடோனுக்குள் எல்லாம் கைப்பேச்சுத்தான். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டுக்குக் காட்டினால் டீ வந்துவிட்டது. கையை மேலே தூக்கி வெடுக்கென்று கீழே இழுத்தால் மெயினை இறக்கு, எல்லாத் தறியும் நிற்கட்டும் என்று அர்த்தம். இந்தக் கடைசிச் சைகையை யாரும் விளையாட்டுக்குக் காட்ட மாட்டார்கள். பார்த்தவனும் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். இருக்கிற வேலையை இருக்கிற இடத்தில் போட்டுவிட்டு இறக்குவான்.

மகள் பிரவீனா வயிற்றில் இருந்தபோது நாச்சியம்மாளின் முந்தானை ஆறாவது தறியில் சிக்கிச் சுருட்டிக்கொண்டு இழுத்தது. எதிர்த்தறியில் நின்றவர் கையைத் தூக்கி இழுத்துக் காட்டினார். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இருந்த செங்கோடன் என்ன ஏது என்று தலையைக்கூடத் திருப்பவில்லை, முதலில் மெயினை இறக்கினார். புடவை போனது, ஆள் தப்பியது. அந்தப் பிரவீனாதான் இப்போது கோயம்புத்தூர் கணபதியில் புருசன் மனோஜ்குமாரின் லேத்துப் பட்டறைக்குப் பின்னால் குடியிருக்கிறாள். அப்பனை ஆர்.எஸ்.புரத்துக்கு இழுத்துக்கொண்டு போய், காது டாக்டரிடம் காட்டி, மிஷின் வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

மதியச் சோற்றுக்குத் தறியை நிறுத்தினால்தான் மனுசக் குரல் கேட்கும். செங்கோடன் சோற்றில் ஒரு வாய் வைத்தார். முகம் சுளித்தது.

"ஆறிப்போச்சு."

"கேட்டச் சாத்தியிருந்தாங்க. நான் உங்களாட்டப் பூந்து வார ஆளா?"

செங்கோடன் தட்டைப் பார்த்தார். இது அவர் வழக்கம். பிடிக்காத பேச்சு வந்தால் தட்டைப் பார்ப்பார், தறியைப் பார்ப்பார், ஒன்றுமில்லாவிட்டால் தன் கால் நகத்தைப் பார்ப்பார். எதிராளியின் வாயைப் பார்க்காவிட்டால் பேச்சு அவருக்குப் போய்ச் சேராது. இந்த வசதி ஊரில் வேறு எந்தப் புருசனுக்கும் கிடையாது. நாச்சியம்மாள் விடவில்லை. மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அந்தப் புள்ள விசிலடிச்சுதாமா. கொடியத் தூக்கிட்டு ஓடி வந்துதாமா."

"அதுக்கு வேற வேலை இல்ல. வண்டி வந்தா எனக்குத் தெரியாதா?"

"எப்பிடித் தெரியும்? காதுதான் போச்சல்ல?"

"கால் இருக்குதல்ல!" என்று செங்கோடன் தரையில் பாதத்தைத் தட்டிக் காட்டினார். "இந்தக் குடோன் வாசப்படியில கண்ண மூடிட்டு நிக்கறேன். எத்தனாவது தறி நின்னுதுன்னு கேளு. சொல்லிப்போடறேன். அத்தச்சோட்டுச் சின்னத் தறியே தெரியுது, அத்தப் பெரிய ரயிலு தெரியாமப் போயிருமா?"

அது பொய்யில்லை, அதுதான் சங்கடம். நாச்சியம்மாளே பார்த்திருக்கிறாள். வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருப்பார், திடீரென்று எழுந்து நேராக நாலாவது தறிக்குப் போவார். அங்கே நூல் அறுந்து தறி நின்றிருக்கும். சத்தத்தில் காதைத் தொலைத்த மனுசனுக்குப் பாதத்தில் காது முளைத்துவிட்டது. அதை நம்பி ரயிலுக்கு முன்னால் போய் நிற்கிறார் என்பதுதான் அவளுக்கு ஆற்றாமை.

"அந்த மிஷினக் கேட்டுப் பக்கம் வாரப்பவாவது மாட்டுனா என்னுங்க?"

"அதப் போட்டா மண்டைக்குள்ள தகரத்த வெச்சுத் தட்டறாப்பல இருக்குது."

"குடோனுக்குள்ள கழட்டிருங்க. வெளிய வந்தா மாட்டிக்குங்க. அது அத்தன கஷ்டமா?"

"ஊருக்குள்ள செவுடன்னு பேரு வாங்கச் சொல்றயா?"

"இப்ப மட்டும் உங்களப் பாட்டு வாத்தியாருன்னா சொல்லீட்டு இருக்கறாங்க?"

செங்கோடன் தட்டைப் பார்த்தார். பேச்சு முடிந்தது.

அந்த வாரமே ரயில்வேயிலிருந்து ஆட்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். கேட்டில் கவனமாகக் கடக்க வேண்டும் என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வந்தவர்கள். நல்ல காரியம், யார் இல்லையென்றார்கள்? வந்த நேரம்தான் காலை பதினொரு மணி. கரண்ட் சீராக வருகிற நேரம், குடோன் வீதியில் அத்தனை தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க மைக்கில் பேசினார். அவர் வாய் அசைவது தெரிந்தது, கை ஆடுவது தெரிந்தது. வீதியில் பாதிப் பேர் செவிடு, மீதிப் பேர் குடோனுக்குள். நாச்சியம்மாள் தார்க் கூடையோடு வேன் பக்கம் போனாள்.

"ஏனுங் சார், தறி ஓடற நேரத்துல மைக்கு கேக்காதுங்க. கரண்ட் நிக்கற அன்னைக்கு வாங்க. இல்லீன்னா குடோன் குடோனா உள்ள போய்க் கையில காட்டிச் சொல்லுங்க."

"மைக் நல்லாத்தானேம்மா வேலை செய்யுது" என்றார் அதிகாரி. அவர் நல்ல மனுசர்தான். அவருக்கு இன்னும் மூன்று கேட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

எல்லாருக்கும் ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்தார்கள். முன்னால் நின்ற செங்கோடனுக்குத் தொப்பியும் போட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நோட்டீஸில் தறியின் எண்ணெயைத் துடைத்தார் அவர். தொப்பியை வைத்துக்கொண்டார், வெயிலுக்கு ஆகும் என்று.

"என்ன சொன்னாங்க, தெரியுதுங்களா?" என்று கேட்டாள் நாச்சியம்மாள்.

"கேட்டுல பார்த்துப் போகோணும்னு சொல்லிருப்பாங்க. பார்த்துத்தான போறேன்."

அட கெரகமே, என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவள்.

இரண்டு நாள் கழித்து அது நடந்தது. நாச்சியம்மாள் வழக்கம்போலக் கூடையும் போசியுமாக வடக்குப் பக்கத்துக் கட்டைக்கு முன்னால் நின்றாள். கேட் சாத்தி இருபது நிமிசம். திருப்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு கூட்ஸ், தெற்கு லைனில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, முடிவே இல்லாமல் வந்தது. எதிர்ப்பக்கம் பெட்டிகளின் சந்தில் விட்டுவிட்டுத் தெரிந்தது. அந்தச் சந்தில் ஒரு தொப்பி தெரிந்தது.

சோறு வரவில்லையே என்று செங்கோடனே புறப்பட்டு வந்துவிட்டார். தெற்குக் கட்டைக்கு வெளியில் அல்ல, உள்ளே. மொபெட்டை நுழைத்துக் கொண்டுவந்து, கூட்ஸ் வண்டிக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மறு கை மொபெட்டில். கண்ணை லேசாக மூடியிருந்தார். காலால் கேட்கிறாராம்.

"அக்கா! அக்கட்டால ஆளு நிக்குதுங்க!" என்று கத்திக்கொண்டே ஜெனிதா கேட் ரூமிலிருந்து சிவப்புக் கொடியோடு ஓடிவந்தாள். அவள் ஏன் அப்படி ஓடுகிறாள் என்பது நாச்சியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. வடக்கு லைனில், கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து, எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது.

கூட்ஸின் கடைசிப் பெட்டி நகர்ந்தது. அது போன பிறகும் தரை தடதடத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தடதடப்பில் ஒரு பங்கு போகிற வண்டி, ஒரு பங்கு வருகிற வண்டி. எந்தப் பாதம் இதைப் பிரித்துச் சொல்லும்? குறைந்துகொண்டே போகிறது, வண்டி போய்விட்டது என்று செங்கோடனின் கால் அவருக்குச் சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்தார். எதிரே பெண்டாட்டி தூக்குப்போசியோடு நிற்பதைப் பார்த்தார். சிரித்தார். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறினார்.

ஜெனிதா விசிலடித்தாள். எக்ஸ்பிரஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். "ஏனுங்! ஏனுங்!" என்று நாச்சியம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள். கத்தும்போதே தெரிந்தது, கத்தி என்ன பிரயோசனம்? இந்த மனுசனிடம் கத்தியே முப்பத்தொரு வருசம் போயிற்று. கூடை கீழே விழுந்து தார்க் கட்டைகள் உருண்டன. அவளுடைய வலது கை தானாக மேலே போயிற்று. தலைக்கு மேலே தூக்கி, வெடுக்கென்று கீழே இழுத்தாள்.

மெயினை இறக்கு.

செங்கோடன் நின்றார். ஏன் என்று யோசிக்கவில்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முதல் லைனைத் தாண்டியிருந்த கால் அப்படியே நின்றது. மொபெட்டை விட்ட வலது கை, இல்லாத சுவிட்சைத் தேடித் தோளுக்கு மேலே எழும்பி வெறும் காற்றில் இறங்கியது. மொபெட் அவர் காலடியில் சாய்ந்தது. அடுத்த நொடி எக்ஸ்பிரஸ் இருவருக்கும் நடுவில் புகுந்தது.

எத்தனை பெட்டி என்று அவள் எண்ணவில்லை. நீலமாக என்னமோ கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஜெனிதா, "ஏசப்பா, ஏசப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. வண்டி போய் முடிந்ததும் பார்த்தாள். இரண்டு லைனுக்கும் நடுவில் அவர் நின்றிருந்தார். தொப்பி இல்லை. மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டு அவளிடம் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எந்தத் தறி? ஆருக்கு அம்மணி என்ன ஆச்சு? ஆரு சிக்குனது?"

நாச்சியம்மாள் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். ஊர் பார்க்கிறதே என்று நினைக்கவில்லை. அடித்துக்கொண்டே, போன ரயிலைக் கை நீட்டிக் காட்டினாள். செங்கோடன் திரும்பிப் பார்த்தார். எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டி தூரத்தில் சின்னதாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், தான் நின்ற இடத்தைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். பிறகு கட்டைக்குக் கீழே, உருண்டு கிடந்த தார்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ற காலுக்குத் தெரியலியே அம்மணி" என்றார்.

அதைச் சொன்ன குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அதுவரைக்கும் கோபம்தான் இருந்தது.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் அது பொய். மறுநாளே பைக்குகள் குனிந்து போயின. "வாரேனுங் அம்மணி" என்று சொல்லிக்கொண்டே போயின. அன்றைக்கு நாச்சியம்மாள் காட்டியதை ஜெனிதா நன்றாகப் பார்த்து வைத்திருந்தாள். ஒருவன் நுழையும்போது கையைத் தூக்கி இழுத்தாள். அவன் வெலவெலத்து நின்று, "என்னுங் அம்மணி, ஆருக்கு என்ன?" என்றான். அவளுக்கு ஒரே சந்தோசம். நாலு நாள் அதையே செய்தாள். ஐந்தாம் நாள் ஒருவன் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நுழைந்தான். நாச்சியம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங் கண்ணு. அதச் சும்மாச் சும்மாக் காட்டாதீங்க. நாளைக்குக் குடோன்ல ஒருத்தி மாராப்பு சிக்கி நிக்கறப்ப, இவனுங்க சிரிச்சுட்டு நிப்பானுங்க."

"அப்ப நான் என்னதானுங்கக்கா பண்றது?" என்று ஜெனிதா அழமாட்டாத குறையாகக் கேட்டாள். நாச்சியம்மாள் மேம்பாலத்துக்கு நட்ட கல்லைப் பார்த்தாள். கல்லில் ஆடு முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை செங்கோடன் நூல் எடுக்கப் போய்விட்டு மதியம் வீட்டுக்கு வந்தார். இரண்டு பேருமாகக் குடோனுக்குப் புறப்பட்டார்கள். கேட் சாத்தியிருந்தது. கட்டைக்கு முன்னால் மொபெட்டை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். நாச்சியம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பேசினால் கெட்டுவிடும் என்று பயந்தாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டு, சின்ன டப்பாவைத் திறந்து, மிஷினை எடுத்துக் காதில் மாட்டினார். மாட்டும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார், யாராவது பார்க்கிறார்களா என்று. பக்கத்துப் பைக்குக்காரன் போனில் மூழ்கியிருந்தான்.

காற்று அடித்தது. "என்னது உஸ்ஸுங்குது?" என்றார்.

"காத்துங்க."

"அது?"

"காக்கா."

அப்புறம் வண்டி வந்தது. தூரத்திலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, கிட்டே வரவர ஏறிக்கொண்டே வந்தது, இரும்பும் இரும்பும் இடித்துக்கொள்கிற சத்தம் மொத்தமாக அவர்கள் மேல் வந்து விழுந்தது. செங்கோடன் இரண்டு அடி பின்னால் போனார். நாச்சியம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் விடவில்லை.

"ஏ அம்மணி, இத்தன சத்தமாவா போகுது இது?"

"ஆமாங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதானுங்க."

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஜெனிதா இன்னும் ஒரு வண்டி இருக்கிறது என்று விரலைக் காட்டினாள். சரி என்று தலையாட்டினார்.

குடோனுக்குப் போய்ச் சேரும்போது சோறு நன்றாக ஆறி இறுகிப்போயிருந்தது. செங்கோடன் முகத்தைச் சுளிக்காமல் உருட்டி உருட்டிச் சாப்பிட்டார்.